மறைதலும் மறைத்தலும்

யூபிக்விடஸ் கம்ப்யூட்டிங் என்ற பெயரை ‘எங்கும் நிறைந்த கணினி’ என்று தமிழில் சொன்னால் லேசாகச் சிரிப்பு வரும். எங்கும் நிறைந்தவர் என்று நம்மிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். இப்போது தூணில் ஒரு மோஷன் சென்சார் இருக்கிறது. துரும்பையும் விட்டுவைக்கவில்லை. கணினியைத் தூசி அளவுக்குச் சுருக்க முடியுமா என்று 1990களின் இறுதியில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘ஸ்மார்ட் டஸ்ட்’ என்ற பெயரில் ஓர் ஆய்வே நடந்தது.

இந்தத் துறையை நான் முதுநிலையில் படித்தேன். ஆய்வுக்கென்று ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. அது தொழில்நுட்பக் கேள்வி கிடையாது. யாரும் கவனிக்கக் கூடாது என்றே வடிவமைக்கப்பட்ட ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சம்மதம் தர முடியும்? கண்ணில் பட்டால்தானே ‘வேண்டாம்’ என்று சொல்லவாவது முடியும்?

*

துறையின் தொடக்கத்தை எல்லோரும் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள். பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய ‘பார்க்’ ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த மார்க் வைசர் 1991 செப்டம்பர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இருபத்தோராம் நூற்றாண்டின் கணினி எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். மேசை மேல் ஒரு பெட்டி, அதன் முன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு மனிதன் என்ற காட்சியே அவருக்குத் தவறாகப் பட்டது. கணினி நம்மை அதன் உலகத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. மாறாக அது நம் உலகத்துக்குள் வந்து, இருக்கும் இடம் தெரியாமல் இருக்க வேண்டும் என்றார். அங்குலம், அடி, கஜம் என்ற மூன்று அளவுகளில் அவருடைய குழு கருவிகளைச் செய்துபார்த்தது. இன்று நம் கையில் இருக்கும் போனுக்கும் டேப்லட்டுக்கும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் டிஜிட்டல் பலகைக்கும் அவற்றைத் தூரத்து முன்னோர்கள் என்று சொல்லலாம்.

அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது எழுத்தை. தெருப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது ‘இப்போது நான் வாசிக்கிறேன்’ என்று யாரும் நினைப்பதில்லை. பலகை கண்ணில் பட்டதும் தெருவின் பெயர் மனதில் வந்துவிடுகிறது. நன்றாகப் பழகிய எதுவும் இப்படித்தான் நம் பிரக்ஞையிலிருந்து நழுவும் என்று விளக்க அவர் ஹைடெக்கர், காடமர், மைக்கேல் பொலானி ஆகியோரைத் துணைக்கு அழைத்தார். என்னைப் போன்ற பொறியியல் மாணவர்கள் சிலர் இந்தப் பெயர்களை முதன்முதலாகக் கேள்விப்பட்டதே அந்தக் கட்டுரையில்தான்.

எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். அதை எழுதியவருக்கு மனிதர்கள் மேல் அக்கறை இருந்தது. வரப்போகும் ஆபத்தும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஒவ்வோர் அறையிலும் நூற்றுக்கணக்கான கணினிகள் ஆட்களை உணர்ந்துகொண்டே இருந்தால், அதுவரை உலகம் கண்ட சர்வாதிகாரமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடலாம் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் ஆங்கிலத்தில் படிக்கும்போது உறுத்தாத ஒரு விஷயம் தமிழில் யோசித்தால் உறுத்துகிறது. நல்ல தொழில்நுட்பம் மறைந்துபோகும் என்பது வைசரின் மையக் கருத்து. தமிழில் இங்கே இரண்டு வினைகள் வந்து நிற்கின்றன. மறைவது ஒன்று, மறைப்பது இன்னொன்று. சூரியன் மறைகிறது. திருடன் நகையை மறைக்கிறான். மறைவதற்கு யாருடைய முயற்சியும் வேண்டாம். மறைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். யாரிடமிருந்து மறைக்கிறான் என்ற கேள்விக்கும் ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

வைசர் வேறோர் இடத்தில் மூக்குக்கண்ணாடியை உதாரணம் காட்டுவார். போட்டுக்கொண்டவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, உலகத்தைப் பார்க்கிறார். சரிதான். ஆனால் அந்தக் கண்ணாடியை அவர்தான் கடைக்குப் போய் வாங்கினார். முதல் வாரம் மூக்குத்தண்டில் உறுத்தியது. பிறகு பழகியது, பழகியதால் மறந்தது. தூங்கப் போகும்போது கழற்றி வைக்கிறார். கூரையில் பதித்த சென்சாரின் கதை வேறு. அதன் கீழே நடப்பவர் அதை ஒருநாளும் பழகியதில்லை. அவர் பார்வைக்கு அது வந்ததே இல்லை, பிறகு எங்கிருந்து மறைவது? தெரிந்து, பழகி, மறந்துபோன ஒன்றும், கடைசிவரை தெரியாமலே இருந்த ஒன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் ஆள் நிம்மதியாக நடமாடுகிறார். முதலாவது அவருடைய திறமை. இரண்டாவது வேறு யாரோ எடுத்த முடிவு. என் துறை இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டது.

*

முதுநிலை மாணவருக்கு அறக்கேள்விகள் தரப்படுவதில்லை, சிக்கல்கள் தரப்படும். பேட்டரியை எப்படி நீடிக்க வைப்பது, ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, அவர் என்ன செய்கிறார் என்பதை எப்படி ஊகிப்பது. இவற்றில் சிலவற்றுக்குக் கிடைத்த தீர்வுகள் அபாரமானவை. 2007இல் ஷ்வேதக் பட்டேலும் அவருடன் பணியாற்றியவர்களும், வீட்டின் ஒரே ஒரு பிளக் பாயிண்டில் கருவியைச் செருகி, மின்கம்பியில் ஓடும் இரைச்சலை வைத்தே எந்த விளக்கு போடப்பட்டது, எந்தச் சாதனம் அணைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். 2009இல் ‘ஹைட்ரோசென்ஸ்’ வந்தது. வீட்டின் ஏதாவது ஒரு குழாயில், வெளித்தோட்டக் குழாயாக இருந்தாலும் போதும், ஓர் அழுத்தமானியைத் திருகிவிட்டால், உள்ளே எந்தக் குழாய் திறக்கப்பட்டது, எப்போது ஃப்ளஷ் செய்யப்பட்டது என்பது தெரியும்.

முதல்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. வீடு முழுக்க வயர் இழுக்க வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம். தண்ணீரைச் சேமிக்க உதவும், மின்சாரத்தைச் சேமிக்க உதவும். வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இதே வரியை மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே திருகிய ஒரு கருவிக்கு உள்ளே எப்போது கழிவறை பயன்படுத்தப்படுகிறது என்பது தெரியும், உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. இரண்டும் ஒரே கருவிதான், ஒரே சிறப்புதான். செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் ‘சிறப்பு’ என்று எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதுவேதான் ஆபத்தாகவும் இருக்கிறது என்கிறேன்.

அடுத்து, தரவு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘காசாஸ்’ திட்டம் மனிதர்கள் வசிக்கும் வீடுகளில் சென்சார் பொருத்திச் சேகரித்த தரவை உலகத்தில் எந்த மாணவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. தொகுப்புகளுக்கு ஊர்ப் பெயர்கள்: கெய்ரோ, கியோட்டோ, மிலன். அதில் ஒன்று அரூபா. கரீபியன் தீவின் பெயர்தான், ஆனால் தமிழ்க் காதுக்கு ‘அரூபம்’ என்று கேட்கிறது. பொருத்தமான பெயர். 2010 நவம்பரிலிருந்து 2011 ஜூன் வரை ஒரு பெண்மணி அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்கிறது, அவர் மட்டும் இல்லை. கோப்பைத் திறந்தால் தேதி, நொடியின் பின்னம்வரை நேரம், சென்சாரின் எண், ஆன் அல்லது ஆஃப். இடையிடையே சில வரிகளுக்கு மட்டும் பெயர் சூட்டியிருப்பார்கள்: தூக்கம், சமையல், சாப்பாடு, படுக்கையிலிருந்து கழிவறைக்கு. ‘ரிலாக்ஸ்’ என்றும் ஒன்று உண்டு. டிவி பார்த்தாரா, யாரையாவது நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாரா, எல்லாம் ரிலாக்ஸ்தான்.

அந்தப் பெண்மணி விருப்பத்தோடு பங்கேற்றவர். பெயர் கிடையாது, முகம் கிடையாது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் தொகுப்போடு வரும் குறிப்பில் ஒரு தகவல் இருக்கிறது: அவருடைய பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் அடிக்கடி வந்துபோவார்கள். அல்காரிதத்துக்கு இது தலைவலி. வீட்டில் ஓர் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலும் ஹாலிலும் ஒரே நேரத்தில் சென்சார் எழும்பினால் அது குழம்பிப்போகும். வந்துபோகிறவர்களை எங்கள் மொழியில் ‘நாய்ஸ்’ என்போம், இரைச்சல். ஒருவர் மட்டும் வாழும் வீடுகளையே பல ஆய்வுகள் தேடிப்போவதற்கு இந்த இரைச்சல் ஒரு காரணம்.

பேரக்குழந்தைகள் வந்த நாள்தான் அந்த வீட்டில் மிக நல்ல நாளாக இருந்திருக்கும் என்று தோன்றும். அதைச் சுத்தம் செய்வதற்குத்தான் நாங்கள் நிரல் எழுதுவோம்.

*

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலானோர் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்ற ஒன்றைச் செய்தார்கள். 1992இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பேட்ஜ், சுமார் 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தைச் சொல்லும். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பது திரையில் தெரியும். வரவேற்பு மேசையில் இருப்பவர் போன் அழைப்பைச் சரியான அறைக்கு அனுப்பலாம். அதில் ஒரு சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இருட்டில் வைத்தால் பேட்ஜ் அணைந்துவிடும். பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? ‘இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்று நினைத்தால் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினால் போதும். அனுமதி கேட்க வேண்டாம், செட்டிங்ஸில் தேட வேண்டாம்.

அதே ஊரில் இருந்த ஜெராக்ஸின் இன்னோர் ஆய்வுக்கூடத்தில் அலுவலக அறைகளை கேமராவாலும் மைக்காலும் இணைத்துப் பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து விக்டோரியா பெலோட்டியும் அபிகெயில் செலனும் 1993இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. என்னைப் பற்றி என்ன பதிவாகிறது, அது என்ன ஆகிறது, யார் கைக்குப் போகிறது, எதற்காக என்ற நான்கையும் ஒருவருக்குத் தெரியப்படுத்த வேண்டும், அவற்றின் மேல் அவருக்குப் பிடிமானமும் இருக்க வேண்டும். சொல்லப்போனால் இதற்கு மேல் பெரிதாக யாரும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

அவர்களால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. பார்த்தவர்களும் பார்க்கப்பட்டவர்களும் ஒரே ஆட்கள். கருவியைச் செய்தவரே அதை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். பிடிக்காவிட்டால் மறுநாள் கூட்டத்தில் சொல்லிவிடலாம். இன்று செய்பவர் ஒருவர், காசு கொடுத்து வாங்குபவர் இன்னொருவர், அதன் கீழே நடமாடுபவர் மூன்றாமவர். அலுவலகம் வாங்குகிறது, ஊழியர் நடமாடுகிறார். வீட்டு உரிமையாளர் வாங்குகிறார், குடியிருப்பவர் நடமாடுகிறார். பிள்ளை வாங்குகிறான், பெற்றோர் நடமாடுகிறார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் நடுவில் நிற்பவர்தான்.

*

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்துவிடலாமே, ஒவ்வொரு முறையும் கேட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் பார்த்துவிட்டோம். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘குக்கீயை ஏற்கிறீர்களா’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. நாம் படிக்காமலே ‘சரி’யை அழுத்துகிறோம். நாள் முழுக்க நூறு கருவிகள் நூறு முறை அனுமதி கேட்டால் அது மரியாதை இல்லை, தொல்லை. அதைவிட மோசம், பொறுப்பு கைமாறிவிடுகிறது. ‘நீங்கதானே ஓகே கொடுத்தீங்க?’ என்று கேட்க அவர்களுக்கு வசதியாகிவிடும். வைசரின் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான். மனிதக் கவனம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதைக் கருவிகள் பிடுங்கித் தின்னக் கூடாது.

ஆனால் கண்ணில் படுவதும் தொல்லை தருவதும் ஒன்றில்லை என்பதற்கு பார்க் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு சான்று இருந்தது. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் கூரையில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி அதிலிருந்து எட்டடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். கட்டடத்தின் கணினி வலையில் போக்குவரத்து அதிகமானால் கயிறு சுழன்று லேசாக ஓசை எழுப்பும். குறைந்தால் எப்போதாவது துடிக்கும். யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்பது அதற்குத் தெரியாது, அது சொல்லவும் சொல்லாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை, அந்தப் பக்கம் போகிற யாருக்கும் உணர்த்தும். துப்புரவுப் பணியாளருக்கும், அன்றைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளிக்கும்கூட. கேள்வி கேட்காது, பெட்டி காட்டாது. வைசரும் ஜான் சீலி பிரவுனும் அமைதியான தொழில்நுட்பத்துக்கு உதாரணமாக அதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அமைதியை எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டார்கள்.

ஆகவே ‘தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா’ என்று கேட்டுப் பயனில்லை என்று நினைக்கிறேன். பிரகலாதன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தூணில் இருந்தவர் அதுவரை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ‘இங்கே இருக்கிறாரா?’ என்று கேட்டுத் தட்டியதும் வெளியே வந்துவிட்டார். தட்டியவன் கதி என்ன ஆயிற்று என்பது வேறு விஷயம். எங்கும் நிறைந்திருக்க விரும்பும் எதற்கும் குறைந்தபட்ச ஒழுக்கம் இது என்று வைத்துக்கொள்ளலாம்: தட்டினால் வெளியே வரணும். அதோடு, தட்டும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும் இருந்தால் போதாது. உள்ளே வந்த யாருக்கும் இருக்க வேண்டும்.

*

இதைத் தாளில் எழுதுவது சுலபம். எங்கள் வீட்டுக்கே அந்தப் பேச்சு வந்தபோது அவ்வளவு சுலபமாக இல்லை. அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறார். நானும் தம்பியும் ஆளுக்கொரு நாட்டில். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் விஷயத்தைத் தொடங்கினான். கூடத்தில் ஒன்று, பாத்ரூம் கதவில் ஒன்று, ஃப்ரிட்ஜில் ஒன்று. கேமரா கிடையாது. அம்மா கீழே விழுந்து அசையாமல் இருந்தால் எங்கள் இருவர் போனுக்கும் தகவல் வரும். “அக்கா இதத்தானே படிக்கிறா, அவளே சொல்லட்டும்” என்றான்.

அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “வீட்டுக்கு யாராவது வந்தா அதுக்குத் தெரியுமாடி?” என்றார்.

“யாருன்னு தெரியாதும்மா. ரெண்டு பேர் இருக்காங்கன்னு வேணா தெரியும்.”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு மத்தியானத்துல கொல்லைப்பக்கமா வருவா. கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுட்டுப் போவா. இங்க வர்றது அவ வீட்டுல தெரியக்கூடாதுன்னுதான் கொல்லைப்பக்கமா வர்றதே. இனிமே வந்தா அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

தம்பி, “நாங்க யார்கிட்டம்மா சொல்லப்போறோம்?” என்றான். உண்மைதான், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆனால் அம்மா கேட்டது அது இல்லை. அந்தப் பெண்ணுக்கு இதுவரை அந்த வீட்டில் கிடைத்தது, யாருக்கும் தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார ஓர் இடம். இனிமேல் அதைத் தருவதாக அம்மாவால் மனசாட்சியோடு சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிறது, சொன்னால் அவள் வர மாட்டாள். நான் படித்த கட்டுரைகளில் அவளுக்குப் பெயர் ‘இரைச்சல்’.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தம்பியின் பயம் கற்பனை இல்லை. வயதானவர்கள் விழுந்து, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது அடிபட்டதைவிடப் பெரிய கேடாக முடிவதுண்டு. தெரிந்தும் ஒரு கருவியை வேண்டாம் என்பது வெறும் கொள்கைப் பிடிப்பு இல்லை, அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அம்மாதான் கொடுக்க வேண்டியிருக்கும், நான் இல்லை. அதனால் முடிவும் அம்மாவுடையதாகத்தான் இருக்க முடியும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அம்மா எடுத்த முடிவு இதுதான். தினமும் காலை ஆறரைக்குள் பூவோ பிள்ளையாரோ போட்ட ஒரு ‘குட் மார்னிங்’ படம் எங்கள் வாட்ஸாப்புக்கு வரும். ஏழு மணிக்குள் வராவிட்டால் நாங்கள் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு. நாம் கேலி செய்யும் அதே படங்கள்தான். அது அம்மாவிடமிருந்து எடுக்கப்படும் செய்தி இல்லை, அம்மா கொடுக்கும் செய்தி. வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். கூட இருப்பவர் யார் என்பது அதில் வராது.

என் ஆய்வுக்கும் கடைசியில் அந்த இடத்திலிருந்தே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர், செயலி எதுவும் இல்லாமல், யாரையும் கேட்காமல், ‘இங்கே ஏதாவது இருக்கிறதா’ என்று தெரிந்துகொள்ளவும், தான் இருக்கும்வரை அதை நிறுத்திவைக்கவும் என்ன வழி? முதல்முறை இதை விளக்கியபோது வந்த கேள்வி, “அதனால் துல்லியம் எவ்வளவு குறையும்?” நல்ல கேள்விதான், அதற்கு எண்ணில் பதில் சொல்லியாக வேண்டும், சொல்வேன். துல்லியம் குறையத்தான் செய்யும். அவள் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அம்மாவின் ஏற்பாட்டில் அது இன்னும் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு அவர் விளக்கை அணைத்ததிலிருந்து காலையில் பிள்ளையார் படம் வரும்வரை எட்டரை மணி நேரம் எங்களுக்கு இருட்டு. சில நாள் நடுராத்திரியில் விழிப்பு வந்தால் போனைப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் இருக்காது என்று தெரியும்.